திருப்பிச் சொல்ல வராத வாய்

முகமது யூசுப் பேச்சில் படு கஞ்சம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் அவருடைய டீக்கடைக்கு வந்துபோகிறவர்களில் பாதிப் பேர் அவருக்கு வாய் பேச வராது என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அதைத் திருத்தவும் இல்லை. பேச வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை, அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக அவருக்கும் சேர்த்து முத்துராமன் பேசிக்கொண்டிருந்தார்.

முத்துராமனின் வேலை கூவுவது. மேசை மேசையாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, நின்ற இடத்திலிருந்தே கடைப்பக்கம் குரல் கொடுக்க வேண்டும். இதென்ன பிரமாதம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே வந்து நின்று பார்த்தால் தெரியும். கிராஞ்சி தொழிலாளர் விடுதிகளிலிருந்து வந்த கூட்டமும் பக்கத்துச் சந்தையில் மீன் வாங்க வந்த கூட்டமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆளுக்கொரு விதமாகக் கேட்பார்கள். டீ என்பது இங்கே 'தே', காப்பி 'கோப்பி'. அதோடு 'ஓ' சேர்ந்தால் பால் கிடையாது, 'கொசோங்' சேர்ந்தால் சீனி கிடையாது, 'பெங்' என்றால் ஐஸ், 'ஹாலியா' என்றால் இஞ்சி. இதையெல்லாம் இஷ்டத்துக்குக் கலந்து ஒன்பது பேர் ஒரே நேரத்தில் சொல்வார்கள். அதில் ஒருத்தர் பாதியில் மனசு மாறி, வேண்டாம், எனக்கு மைலோ என்பார். கடைசி ஆள் வாயை மூடுவதற்குள் முத்துராமன் ஒன்பதையும் வரிசை மாறாமல் கூவி முடித்திருப்பார்.

யூசுப் தலை நிமிர மாட்டார். குரல் வரும், கை போகும். காதில் விழுந்தது அந்த மனுஷனுக்கு நேராக வாய்க்குப் போய்விடுகிறதே, நடுவில் எங்கேயும் தங்காதா என்று அவர் பலமுறை வியந்திருக்கிறார். வியந்ததை முத்துராமனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் குரல், "தே லாஹியா ஒண்ணு!" என்றது.

யூசுப்பின் கை அப்படியே நின்றது. விளையாடுகிறார் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தார். முத்துராமனின் முகத்தில் விளையாட்டு இல்லை.

"லாஹி... ஹாயிலா... ஹாலா... சே!"

கிட்டத்தில் வந்துவிட்டு வழுக்கிப் போனது. மறுபடி முயன்றார், மறுபடி வழுக்கியது. தப்பாகச் சொல்கிறோம் என்று அவருடைய காதுக்கே நன்றாகத் தெரிகிறது, அதுதான் கொடுமை. ஐந்தாம் தடவை அவர் தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டீ கேட்டவர் சிரித்துவிட்டார். யூசுப் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்தார்.

மூளையில் சின்னதாக ஓர் அடைப்பு என்றார்கள் மருத்துவமனையில். சீக்கிரம் கூட்டி வந்ததால் கை, கால் தப்பின. முகமும் கோணவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சுக்கு மட்டும் வாரம் ஒருமுறை வரச் சொன்னார்கள்.

கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதனால் மூன்றாம் வாரம் யூசுப்பும் கூடப் போனார். முத்துராமனின் மனைவி பஞ்சவர்ணம் செங்காங்கில் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறவர். பாதி நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பெயர் நிவேதிதா. முப்பது வயதுகூட இருக்காது. மேசை நிறையப் படங்களை வைத்திருந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க அங்கிள்?"

"ரெண்டு தோசை. இவதான் சுட்டா. உப்பே இல்ல."

பஞ்சவர்ணம் முறைத்தார். ஆள் நன்றாகத்தானே பேசுகிறான், எதற்கு இந்த அலைச்சல் என்று யூசுப்புக்குத் தோன்றியது. நிவேதிதா கதவைச் சாத்தச் சொன்னாள், சாத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னாள், வைத்தார். ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்றாள்.

"பள்ளிக்கூடம்."

"சூப்பர்." படத்தைக் கவிழ்த்தாள். "இப்ப நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. பள்ளிக்கூடம்."

"பக்... பள்கூ... பக்கூளி..." முத்துராமனின் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மெதுவாக, "பிள்ளைங்க படிக்கிற இடம்" என்றார்.

யூசுப்புக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "இப்பத்தானேம்மா சொன்னான்? அதே வார்த்தைதானே?"

"அதேதான் அங்கிள்." அவளுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒரு தாளை எடுத்து, பக்கவாட்டில் ஒரு தலையை வரைந்தாள். காதுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வட்டம், நெற்றிப் பக்கம் ஒரு வட்டம், இரண்டுக்கும் நடுவில் வளைவாக ஒரு கோடு. "இது கேக்கிற இடம். இது வாயை அசைக்கிற இடம். ரெண்டும் அங்கிளுக்கு ஓகேதான். நடுவுல இருக்கிற ரோடுதான் அடிபட்டிருக்கு. அவருக்குக் கேக்குது, புரியுது. மனசுல தோணுறதைப் பேசவும் வருது. ஆனா காதுல விழுந்த சத்தத்தை அப்படியே தூக்கிட்டுப் போய் வாயில கொடுக்க முடியல. அதனால என்ன பண்றார் பாருங்க, அர்த்தத்தை மட்டும் கையில பிடிச்சுக்கிட்டு வேற வழியா வந்துடறார்."

"சரியாயிடுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா வரும். முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது." அதோடு அவள் விட்டிருக்கலாம். யூசுப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் சொன்னாள். "நமக்கெல்லாம் இது எவ்வளவு பெரிய விஷயம்னே தெரியாது அங்கிள். யாராவது பேசுறதை நாம சும்மா கேட்டுட்டு இருந்தாக்கூட, வாயை அசைக்கிற இடம் சத்தமில்லாம லேசா முழிச்சுக்கும். நாம பேசும்போது நம்ம காது அதைச் செக் பண்ணிட்டே இருக்கும். குழந்தைங்க பேசக் கத்துக்கிறதே இப்படித்தான். கேக்கும், வாயை அசைச்சுப் பாக்கும், வந்த சத்தத்தைத் திரும்பக் கேக்கும்."

திரும்பும்போது ரயிலில் யூசுப் உட்காரவில்லை. அடுத்த நிலையம் எது என்று அறிவிப்பு வந்ததும், வாயை இறுக்கி மூடிக்கொண்டு தன் நாக்கு என்ன செய்கிறது என்று கவனித்தார். அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. அடுத்த நிலையத்துக்கும் அப்படியே நின்றார். எதிரில் இருந்த சீனப் பெண்மணி கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். யூசுப் அதைக் கவனிக்கவில்லை. அறுபத்திரண்டு வருடமாக இந்தத் தலையைச் சுமந்துகொண்டிருக்கிறோம், உள்ளே இப்படி ஒரு வேலை நடப்பதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த ரோட்டை வைத்துத்தானே முத்துராமன் தன்னை இத்தனை வருடம் வாழ வைத்தார் என்றும் நினைத்துக்கொண்டார்.

ஆச்சரியப்பட்டதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. யூசுப் வைத்தியமும் பார்க்க ஆரம்பித்தார். ரோடு என்றால் நடக்க நடக்கத்தானே பழகும் என்பது அவர் கணக்கு. தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு முத்துராமனுக்குப் போன் போட்டு, "சொல்லு முத்து, தே ஹாலியா" என்பார். அந்தப் பக்கம் முத்துராமன் தடுமாறுவார். "சரி விடு. கோப்பி ஓ கொசோங்." "சொகோங்... கொங்..." "நல்லாக் கேளு முத்து, கொ-சோங்." ஒன்பதாம் நாள் முத்துராமன் போனை எடுக்கவில்லை. பஞ்சவர்ணம் எடுத்தார். "பாய், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க போன் வந்தா அவர் சாப்பிடறதில்ல" என்றார். விஷயம் தெரிந்து நிவேதிதாவும் கடிந்துகொண்டாள். அது பயிற்சியே இல்லை அங்கிள், தினமும் பரீட்சை வைத்துத் தினமும் பெயிலாக்கியிருக்கிறீர்கள் என்றாள். யூசுப் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்காமல் டீ ஆற்றினார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், முத்துராமன் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். கூட பஞ்சவர்ணம்.

"வேலைக்கு வந்துட்டேன் பாய்."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமை முத்து. கூட்டம் தாங்காது."

"அதான் வந்தேன்."

அவர் துணியை எடுத்துக்கொண்டு மேசை துடைக்கப் போனதும் பஞ்சவர்ணம் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல உக்காந்து உக்காந்து ஆளே உருகிப்போயிட்டார் பாய். நான் போகாதீங்கன்னா கேக்க மாட்டார். நீங்க சொன்னா கேப்பார். இன்னைக்கு ஒரு நாள் பாருங்க. முடியலன்னா நீங்களே சொல்லி அனுப்பிடுங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுத் தூரத்தில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சொல்லி அனுப்புவதா! வீட்டுக்கு வந்து தங்கிவிடுகிற மனைவியின் சொந்தக்காரர்களையே யூசுப்புக்குச் சொல்லி அனுப்பத் தெரியாது.

ஒன்பது மணி வரை தப்பித்தார்கள். ஒருத்தர், இரண்டு பேர் என்று வந்தபோது முத்துராமன் கேட்டதைத் தன் போக்கில் சொல்லிவிட்டார். தே ஓ கொசோங் என்று கேட்டால், "பால் வேணாம், சீனியும் வேணாமாம்!" என்று கூவினார். யூசுப்புக்குப் புரிந்தது. ஆனால் நாலு பேர் சேர்ந்து கேட்டால் அர்த்தத்தைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. பத்து மணிக்கு வடிவேலு வந்தார். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிற வேலை. இரவு ஷிப்ட் முடிந்தால் கூட்டாளிகளோடு நேரே இங்கேதான் வருவார். மனசு தங்கம், தொண்டை வெண்கலம்.

"அண்ணே! வந்துட்டீங்களா! ரெண்டு தே ஹாலியா, ஒரு கோப்பி ஓ, ஒரு தே ஓ கொசோங், ஒரு மைலோ பெங்!"

முத்துராமன் கடைப்பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார். "ரெண்டு லா... தே லாஹி... இஞ்சி போட்டு... கோப்பி..." நின்றுபோனது.

வடிவேலுக்குப் பாவமாக இருந்தது. நோய்வாய்ப்பட்ட மனுஷன், காது மந்தமாகிவிட்டது போல என்று முடிவு கட்டிவிட்டார். முத்துராமனின் காதோரம் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து, "தே... ஹா... லி... யா... ரெண்டு!" என்று கத்தினார். பக்கத்துச் சந்தையில் மீன் வெட்டுகிறவருக்கும் கேட்டிருக்கும். பக்கத்து மேசைக்காரர்களும் ஒத்தாசைக்கு வந்தார்கள். அவர்கள் எழுந்து நின்று கையால் ஜாடை காட்டி, தங்களுக்கு வேண்டியதையும் சேர்த்துக் கத்தினார்கள். நல்லது செய்ய நினைத்து நாலு பக்கமும் ஒரே கூச்சல்.

"எனக்குக் காது நல்லா கேக்குது!" என்று முத்துராமன் போட்ட சத்தத்தில் எல்லாரும் அடங்கினார்கள்.

யூசுப் தூரத்தில் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். பஞ்சவர்ணம் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போதும், சொல்லிவிடுங்கள் என்று அதற்கு அர்த்தம். யூசுப் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். என்ன வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் முத்துராமனுக்கு எதிரில் நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்பதை முத்துராமன் பார்த்துவிட்டார். எதற்கு வந்து நிற்கிறார் என்று புரியாமல் போகுமா?

"வாய்தான் பாய் பழுது" என்றார் முத்துராமன். "நான் பழுது இல்ல."

சொன்னவர் துணியை யூசுப்பின் தோளில் போட்டுவிட்டு விறுவிறுவென்று கடைக்குள்ளே போய்விட்டார். அடுப்புக்கு முன்னால் நின்று, "வடிவேலு, இப்ப சொல்லு. கத்தாத. ஒண்ணொண்ணா சொல்லு" என்றார்.

வடிவேலு சொன்னார். தே ஹாலியா என்றதும் முத்துராமனின் கை ஒரு கிளாஸை எடுத்து, பால் ஊற்றி, இஞ்சியைத் தட்டிப் போட்டது. இன்னொன்று என்பதற்குள் இன்னொரு கிளாஸ். கோப்பி ஓ என்றபோது சீனி மட்டும் விழுந்த கிளாஸ். தே ஓ கொசோங் என்றபோது ஒன்றும் விழாத கிளாஸ் தனியாகத் தள்ளி நின்றது. மைலோவுக்கு ஐஸ் போட்ட உயரமான கிளாஸ். வடிவேலு சொல்லி முடித்தபோது ஐந்து கிளாஸ்களும் வரிசையாக நின்றன, சொன்ன வரிசை மாறாமல்.

யூசுப் மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வரைந்த தலை கண்முன்னால் வந்தது. காதிலிருந்து வாய்க்குப் போகிற ரோடுதானே போய்விட்டது? காதிலிருந்து கைக்குப் போகிற வழி ஒன்று உள்ளே அப்படியே இருந்திருக்கிறது! மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்ட மாத்திரத்தில் கை கிளாஸாக எழுதி வைத்துவிடுகிறது. படைத்தவன் எத்தனை வழி போட்டு வைத்திருக்கிறான் என்று யூசுப் மலைத்துப்போனார். அவனைப் புகழ்ந்துவிட்டு அடுத்த நொடியே முத்துராமனையும் புகழ்ந்தார், மனசுக்குள்.

மலைத்து நிற்க நேரமில்லை. யூசுப்பின் தோளில் துணி கிடந்தது. அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். கடையில் மிச்சம் இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு மேசையில் ஆறு பேர் அவரைப் பார்த்துக் கை ஆட்டினார்கள்.

அவர் போனார். ஆறு பேரும் சொன்னார்கள். யூசுப் கடைப்பக்கம் திரும்பி, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரெண்டு தே..." என்றார். குரல் மேசையைத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டி, "ரெண்டு தே, ஒரு கோப்பி பெங், அப்புறம்..." என்றார். அப்புறம் என்ன? மூன்றாவது வரைக்கும் இருந்தது, நாலாவது காற்றில் போய்விட்டது. திரும்பி அவர்களிடமே கேட்டார். அதற்குள் ஒருத்தர் மனசு மாறியிருந்தார். காதும் நன்றாக இருக்கிறது, வாயும் நன்றாக இருக்கிறது, நடுவில் ரோடும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் யூசுப்பால் ஆறு டீ கூவ முடியவில்லை. பத்தொன்பது வருடம் இதை ஒருத்தன் தினமும் செய்துகொண்டிருந்தான், நான் தலை நிமிர்ந்து பார்த்தேனா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இங்க வந்து சொல்லச் சொல்லுங்க பாய்!" என்று உள்ளேயிருந்து முத்துராமன் சத்தம் போட்டார். "நீங்க தூக்கிட்டுப் போய்க் குடுத்தாப் போதும்!"

அதுதான் நடந்தது. ஆட்கள் கடை முன்னால் வரிசையில் வந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். முத்துராமனின் கை கேட்டது. யூசுப் தட்டைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக ஓடினார். இரண்டு தடவை தட்டை மாற்றி வைத்தார். ஒருத்தருடைய காலை மிதித்தார். வடிவேலு மைலோவை உறிஞ்சிக்கொண்டே, "பாய்க்குப் பேச வருமா! சொல்லவே இல்ல!" என்றார். மதியம் ஒரு மணி வரைக்கும் முத்துராமன் போட்டதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

கூட்டம் தணிந்ததும் யூசுப் அடுப்புக்கு இந்தப் பக்கம் சாய்ந்து நின்றார். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. முத்துராமன் ஒரு தே போட்டு அவர் முன்னால் வைத்தார். யூசுப் ஒரு வாய் குடித்தார். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. ரயிலில் நினைத்ததை, அந்த ஆறு பேர் முன்னால் நின்று நினைத்ததை, பத்தொன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை. ஆனால் வாய் அவருடைய வாய் ஆயிற்றே.

"நுரை பத்தல. கையை இன்னும் தூக்கி ஆத்தணும். செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் முன்னாடியே வந்துடு" என்றார்.

பஞ்சவர்ணம் மின்விசிறிக்குக் கீழே அதே மேசையில் இருந்தார். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. யூசுப் ஏதோ சொல்வது தெரிந்தது, என்ன என்று கேட்கவில்லை. பயத்தோடு எழுந்து நின்று, "என்னங்க? பாய் என்ன சொல்றார்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

முத்துராமன் அப்படியே திருப்பிச் சொல்லப் பார்த்தார். "ருநை... நுரை பத்... கையத் தூ..." நின்றார். இந்தத் தடவை அவர் அதைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. சிரித்தார். பிறகு நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அந்த நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கூவினார்.

"நான் இல்லாம இவரால முடியாதாம்!"

நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று யூசுப் வாயைத் திறந்தார். யோசித்துப் பார்த்தால், அதைத்தான் சொல்லியிருந்தார்.